மேஜைக்கடியில் சொன்ன பெயர்

அத்தியாயம் 11

மேஜைக்கடியில் போக இந்த வருஷம் ஆள் இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மிரேய்க்கு உறைத்தது. மாவை உருட்டிக்கொண்டிருந்த கட்டையை அப்படியே நிறுத்திவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒதீல், நீதான் போகணும்."

"எங்கே?"

"மேஜைக்கடியில."

ஒதீல் சிரிக்கவில்லை. "எனக்கு முப்பத்தாறு வயசும்மா."

"வர்றவங்கள்ல நீதான் சின்னவ. உங்கப்பா கட்சியில மத்தவங்க எல்லாருக்கும் மூட்டு வலி வயசு. மாவட்டச் செயலாளர் லவாசரை உள்ளே அனுப்பினா அப்புறம் வெளியே எடுக்கறதுக்குத் தீயணைப்பு வண்டி வரணும்."

சொன்ன பிறகுதான் தீ என்ற சொல் இந்த வீட்டில் இப்போது எப்படி ஒலிக்கும் என்பது மிரேய்க்கு எட்டியது. அவள் மறுபடி மாவை உருட்ட ஆரம்பித்தாள், தேவைக்கு மேல் அழுத்தி.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு ராஜா கேக் வெட்டும் வழக்கம் வால்மோரே ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. கேக்குக்குள் ஒரு சின்னப் பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். இருப்பவர்களில் இளையவர் மேஜைக்கடியில் போய் உட்கார வேண்டும். மேலே ஒரு துண்டை எடுத்து, 'இது யாருக்கு?' என்று கேட்பார்கள். கீழேயிருந்து ஒரு பெயர் வரும். யார் துண்டில் பொம்மை இருக்கிறதோ அவர் தலையில் தங்கக் காகிதக் கிரீடம்.

சென்ற வருஷம் வரை மிரேயின் கணவர் கோந்த்ரான் மார்வில் வீட்டில் அந்த வேலையைச் செய்தவன் லோயிக். பேக்கரிக்காரியின் மகன், பத்தொன்பது வயது. கட்சிக்குப் போஸ்டர் ஒட்டுபவன்.

அந்த லோயிக் இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

ஆற்றங்கரையில் இருக்கும் பழைய பாதிரியார் இல்லத்தில் அகதிகளைத் தங்க வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஓர் இரவு, லோயிக் அதன் சுற்றுச்சுவரில் இருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்து மெயின் ஃபியூஸைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். வெளியே உறைபனி. உள்ளே ஹீட்டர் நின்றது, விளக்கு நின்றது. மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஒரு போர்வை பற்றிக்கொண்டது. இத்ரிஸ் என்கிற சூடான் நாட்டுக்காரர் மெட்ஸ் ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் கிடக்கிறார். இன்னும் கண் திறக்கவில்லை.

இல்லத்தின் வெளிக் கதவில் லோயிக் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போன ஒரு வாசகம் இருந்தது. அதைத்தான் வானொலியில் வாசித்தார்கள். அதைக் கேட்டுத்தான் போன வாரம் ஒதீல் கையிலிருந்த காப்பியை மடியில் கொட்டிக்கொண்டாள்.

'யாரையும் அடிக்க வேண்டாம். விளக்கை அணைத்தால் போதும். விருந்தாளி தானே எழுந்து போவார்.'

கோந்த்ரான் மார்வில் தன் பத்திரிகையில் எழுதிய வாசகம் என்று வானொலி சொன்னது. நாடே அப்படித்தான் நினைத்தது.

அதை எழுதியவள் ஒதீல்.

*

"அப்பா மாடிக்கு வரச் சொன்னார்" என்றாள் மிரேய். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோ. கேக் மேல்தோல்ல ஒரு இடத்துல சின்னதா ஒரு கீறல் போட்டிருப்பேன். பொம்மை அங்கேதான் இருக்கும். அந்தத் துண்டை எடுக்கறப்ப என் கால் உன் முழங்காலைத் தொடும். நீ 'அப்பாவுக்கு'ன்னு சொல்லிடு."

"திருட்டு ஆட்டமா?"

"போட்டோக்காரன் வர்றான். லவாசர் ஆசைப்பட்டுட்டார். வேட்பாளர் தலையில கிரீடத்தோட முதல் பக்கத்துல வரணுமாம்." மிரேய் கையிலிருந்த மாவைத் தட்டினாள். "நாப்பது வருஷமா இந்த மனுஷனோட என்னென்னமோ பார்த்தாச்சு. ஒரு கேக்குல என்ன வந்துடப் போகுது."

உணவறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கட்டுரை தொங்கியது. ராஜா கேக்கைப் பற்றி அப்பா எழுதியது. பள்ளிக்கூடப் பாட நூல்களில் கூடச் சேர்க்கலாம் என்று எதிர்க் கட்சிக்காரர்களே பாராட்டிய கட்டுரை. 'மேஜைக்கடியிலிருந்து வரும் பெயரை ராஜாவாலும் மாற்ற முடியாது. அதனால்தான் நாம் ஒரு மக்கள்' என்று முடியும்.

அந்தக் கடைசி வரியில் மட்டும் ஒதீல் கை வைத்ததில்லை. அது அப்படியே அப்பாவுடையது.

*

கோந்த்ரான் மார்விலின் எழுத்தறையில் புத்தகங்களைவிட வழக்குக் கட்டுகள் அதிகம். அவர் அவற்றை மறைத்ததில்லை. விருந்தினர்களுக்குச் சுற்றிக் காட்டுவார், ஓய்வு பெற்ற ராணுவக்காரர் பதக்கங்களைக் காட்டுவது மாதிரி.

சரித்திர வாத்தியாராக இருந்தவர். ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக வேலை போனது. அதன் பிறகு கார் நிறுத்துகிற கொட்டகையில் உட்கார்ந்து நாலு பக்கப் பத்திரிகை நடத்தினார். மிரேய் பின் அடிப்பாள், ஒதீல் தபால் தலை ஒட்டுவாள். ஊரில் பாதிப் பேர் வணக்கம் சொல்ல மாட்டார்கள். ரொட்டிக் கடையில் வரிசை அவர்களுக்காக விலகும். இனப் பகையைத் தூண்டியதாக இரண்டு முறை கோர்ட் தண்டித்தது.

மூன்றாவது முறை வரக்கூடாது என்றுதான் ஒதீல் உள்ளே வந்தாள். பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். அப்பாவின் கட்டுரைகளை வாரா வாரம் வாங்கி, கோர்ட்டுக்குப் போகிற சொற்களை எடுத்துவிட்டுப் போகாத சொற்களைப் போட்டாள். 'கூட்டம்' என்பதை 'வருகை' என்று மாற்றினாள். 'விரட்டு' என்பதை 'வழியனுப்பு' என்று மாற்றினாள்.

அதன் பிறகுதான் டெலிவிஷன் கூப்பிட்டது. புத்தகங்கள் ரயில் நிலையக் கடைகளில் அடுக்கப்பட்டன. வரிசையில் விலகியவர்கள் கையெழுத்துக் கேட்டார்கள். அப்பா பண்பட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். பண்பட்டது அப்பா இல்லை என்பது இரண்டே பேருக்குத் தெரியும்.

"உட்காரு கண்ணு." கோந்த்ரான் எழுந்து அவளுக்காக நாற்காலியிலிருந்த தாள்களை எடுத்தார். எழுபத்தொரு வயதிலும் நெட்டையான மனிதர், அழகான குரல். "தூங்கினியா?"

"இல்லப்பா."

"நானும் இல்லை. ஆனா வக்கீல் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டார்." அவள் எதிரில், முழங்கால் முட்டுகிற மாதிரி உட்கார்ந்தார். "நாளைக்கு விசாரணை நீதிபதி உன்னைக் கூப்பிட்டிருக்கார் இல்லையா? ஒரே ஒரு கேள்விதான். அந்த வரி யாரோடது?"

ஒதீல் வழக்குக் கட்டுகளின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. யாரோடது?"

"என்னோடது."

"அவ்வளவுதான். அதைச் சொல்லு." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு என்ன ஆகும்? அபராதம். கட்சி கட்டிடும். எனக்குன்னு வந்தா தேர்தல்ல நிக்கவே தடை போட்டுடுவாங்க. இன்னிக்கு மேயர் வேட்பாளர்னு அறிவிக்கப் போறாங்க ஒதீல். கொட்டகையில ஆரம்பிச்சேன். நகர மன்றத்துல போய் உக்காரணும். அடுத்த தேர்தலுக்கு நான் இருப்பேனா?"

"நீங்க படிச்சுட்டுத்தானே அச்சுக்குக் கொடுத்தீங்க?"

"அவசரத்துல கவனிக்கலை."

அவர் கண் இமைக்காமல் சொன்னார். அந்த வரியைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டிய மாலை ஒதீலுக்கு நன்றாக நினைவிருந்தது. மூலத்தில் 'உதைத்துத் துரத்துங்கள்' என்று இருந்தது. மாற்றியதை அப்பா ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார். 'உதைக்கறதைவிட இது வலிக்கும்டி' என்றார். 'நீ என்னைவிடப் பெரிய எழுத்தாளி.'

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ரயிலில் வீடு திரும்பும்போது அந்த வரியைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், தாளம் சரியாக இருக்கிறதா என்று. இந்தப் பத்து நாளாக அவளைத் தூங்கவிடாதது அந்தத் தாளம்தான்.

"இத்ரிஸ் பத்தி ஏதாவது கேட்டீங்களா?" என்றாள்.

"யாரு?"

"இத்ரிஸ்."

கோந்த்ரான் புருவத்தைச் சுருக்கினார், கட்சிக்காரர்கள் யாரிலாவது அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுபவரைப் போல. பிறகு புரிந்தது. "ஓ. ஆமா. பாவம்." கையை விட்டார். "அப்ப நாளைக்குச் சொல்லிடுவே?"

என்ன மறுப்பது? உண்மையைத்தானே சொல்லச் சொல்கிறார்.

"சரிப்பா."

*

மிரேய் பாதாம் கூழ் கிண்டி, மாவு மடித்து, அடுப்பைச் சூடாக்கி எல்லாம் முடித்த பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். பொம்மை இல்லை. கிரீடமும் இல்லை. எந்த வருஷமும் கேக்கோடு சேர்த்து அவை பேக்கரியிலிருந்தே வந்துவிடும். இந்த வருஷம் பேக்கரி பக்கமே போகக் கூடாது என்று கோந்த்ரான் சொல்லியிருந்தார்.

"பின் வாசலால போயிட்டு வந்துடு" என்றாள் மகளிடம்.

பேக்கரியில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. லோயிக்கின் அம்மா மர்லேன் கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. அலமாரியில் ராஜா கேக்குகள் விற்காமல் வரிசையாக இருந்தன.

"வாம்மா" என்றாள். "நீ எந்தக் கட்சி?"

"என்ன?"

"ரெண்டு விதமாத்தான் ஆள் வர்றாங்க. ஒருத்தர் காறித் துப்பறார். இன்னொருத்தர் என் முதுகுல தட்டி, உங்க பையன் வீரன்னு சொல்றார். துப்பறவங்களையாவது துடைச்சுக்கலாம்."

ஒதீல் தலையைக் குனிந்தாள். "பொம்மையும் கிரீடமும் வேணும், மதாம். அம்மா வீட்டுல கேக் போடறா."

"ஓ. ஐயா வீட்டுல இந்த வருஷம் சொந்தக் கேக்கா." மர்லேன் எழுந்து டப்பாவைத் திறந்தாள். "பேப்பர்ல பார்த்தேன். லோயிக்கை அவருக்குத் தெரியவே தெரியாதாம். போன வருஷம் உங்க மேஜைக்கடியிலேர்ந்து வெளியே வந்தப்ப அவன் தலையைத் தடவிக் கொடுத்தாராம். ஒரு வாரம் தலைக்குக் குளிக்காம சுத்தினான்."

"அவனைப் பார்த்தீங்களா?"

"வெள்ளிக்கிழமை ஜெயில்ல பார்க்க விட்டாங்க." மர்லேன் ஒரு பீங்கான் ஆட்டுக்குட்டியைத் தேர்ந்தெடுத்து, ஏப்ரனில் துடைத்தாள். "ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கறான். 'நான் யாரையும் அடிக்கலையேம்மா. அடிக்கக் கூடாதுன்னுதானே ஐயா எழுதியிருந்தாரு. அதனாலதானே செஞ்சேன்'ங்கறான்."

ஒதீல் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிங்கடான்னு எழுதியிருந்தா என் பையன் போயிருக்க மாட்டான். பயந்தாங்கொள்ளி அவன். ஒரு எலியைக் கூட நான்தான் அடிக்கணும்." மர்லேனின் குரல் உயரவில்லை. "ஃபியூஸைப் புடுங்கறது அவனுக்குத் தப்பாவே படலை. குளிருதுன்னு கிளம்பிடுவாங்கன்னு நெனைச்சான். மெழுகுவத்தி ஏத்துவாங்கன்னு தோணவே இல்லையாம்."

அப்பாவைக் காப்பாற்றத்தான் அந்தச் சொல்லை எடுத்தேன் என்று சொல்ல ஒதீலுக்கு வாய்வரை வந்தது. யாரிடம் சொல்வது?

"அந்த இத்ரிஸ் இங்கேதான் ரொட்டி வாங்குவாரு" என்றாள் மர்லேன். "முந்தின நாள் ரொட்டி, விலை குறைச்சது. லோயிக்தான் எடுத்துக் கொடுப்பான். பேர் சொல்லித்தான் கொடுப்பான். 'இந்தாங்க இத்ரிஸ்'னு. அவர் அங்கே தங்கியிருக்காருன்னு தெரியும். இருந்தும் போனான். அதுதான் எனக்குப் புரியலை. பேர் தெரிஞ்சும் எப்படிப் போனான்?"

பேரை எடுத்துவிட்டு விருந்தாளி என்று போட்டவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

மர்லேன் ஆட்டுக்குட்டியையும் கிரீடத்தையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். காசு வேண்டாம் என்று கையை அசைத்தாள். "ஐயா தலையில நல்லா உக்காருதான்னு பாரு. இல்லேன்னா பின்னால ஒரு பின் குத்திக்கலாம்."

*

மத்தியானம் வீடு நிறைந்தது. பன்னிரண்டு நாற்காலி, வெள்ளை விரிப்பு, ஆப்பிள் மதுக் குப்பிகள். மாவட்டச் செயலாளர் லவாசர் கடைசியில் வந்தார், உள்ளூர்ப் பத்திரிகைப் புகைப்படக்காரரைத் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு.

"மதாம் மிரேய், கேக் வாசனை தெரு முனைவரை வருது. எதிர்க் கட்சிக்காரன் ஒருத்தன் வாசல்ல நின்னு மோந்துக்கிட்டிருக்கான்."

"உள்ளே கூப்பிடுங்க. உறுப்பினர் கட்டணம் வாங்கிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். லவாசர் கோப்பையைத் தட்டிப் பேச எழுந்தார். வேலையை இழந்தவர், ஊரால் ஒதுக்கப்பட்டவர், கோர்ட்டுகளைக் கண்டு அஞ்சாதவர், ஒரு சொல்லைக் கூடத் திரும்பப் பெறாதவர் என்று அடுக்கினார். "கோந்த்ரான் மார்விலின் பேனா நம்மைத் தெருவிலிருந்து வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. இனி நகர மன்றத்துக்குக் கொண்டுபோகும்."

கைதட்டல். கோந்த்ரான் பணிவாகத் தலை குனிந்தார். பாதிரியார் இல்லத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சரி, யாரு உள்ளே போறது?" என்றார் லவாசர்.

"என் பொண்ணு" என்றார் கோந்த்ரான். "எங்க வீட்டுல அவ என்னிக்குமே குழந்தைதான்."

ஒதீல் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விரிப்புக்கு அடியில் நுழைந்தாள். மறுபடி ஒரு சிரிப்பலை. பிறகு விரிப்பு விழுந்தது.

உள்ளே பால் மாதிரி மங்கிய வெளிச்சம். சுற்றிலும் ஷூக்கள். லவாசரின் ஷூவில் கயிறு அவிழ்ந்திருந்தது. யாரோ ஒருவர் பாதத்தை மற்றப் பாதத்தால் சொறிந்துகொண்டார். அப்பாவின் கறுப்பு ஷூக்கள் அசையாமல், அருகருகே, பாலிஷ் மின்ன இருந்தன.

இந்த இடத்தில்தான் லோயிக் உட்கார்ந்திருந்தான், ஆறு வருஷம். இங்கேயிருந்து பார்த்தால் மேலே பேசுவதெல்லாம் பெரிய விஷயமாகத்தான் தெரியும்.

மேலே கேக் கத்தி தட்டில் உரசியது. "இது யாருக்கு?" மிரேயின் குரல்.

"லவாசருக்கு."

"இது?"

"புகைப்படக்காரருக்கு."

"அடடா, எனக்கும் உண்டா" என்றார் அவர்.

"இது யாருக்கு?"

"அம்மாவுக்கு."

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒதீலின் வாய் சொன்னது. மனம் வேறெங்கோ இருந்தது. நாளைக்கு நீதிபதி முன்னால் சொல்லப் போகிற ஒரு வரியை மனசுக்குள் உருட்டிப் பார்த்தாள். 'அந்த வரி என்னுடையது.' சின்ன வரி. சுத்தமான வரி. அப்பாவை நகர மன்றத்தில் உட்கார வைக்கிற வரி. அதுவும் ஒரு திருத்தம்தான் என்று அப்போது பட்டது. கோர்ட்டில் தோற்கக் கூடாத மனிதரை எடுத்துவிட்டு, தோற்றாலும் பரவாயில்லாத மனிதரைப் போடும் திருத்தம்.

பழுப்பு ஷூ ஒன்று நீண்டு வந்தது. அம்மாவின் கால். ஒதீலின் முழங்காலை மெல்லத் தொட்டது.

"இது யாருக்கு?" என்றாள் மிரேய்.

மேலே பேச்சு அடங்கியது. புகைப்படக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். லென்ஸைத் திருகுகிற ஓசை.

"யாருக்குன்னு சொல்லு கண்ணு" என்றார் கோந்த்ரான், குரலிலேயே சிரிப்போடு.

பழுப்பு ஷூ மறுபடி தொட்டது, கொஞ்சம் அழுத்தி.

"இத்ரிஸுக்கு" என்றாள் ஒதீல்.

பழுப்பு ஷூ சட்டென்று பின்வாங்கியது.

"யாருக்குன்னா?" லவாசர் கேட்டார். "யாருங்க அது?"

"கூச்சத்துல தடுமாறிட்டா" என்றார் கோந்த்ரான். "அப்பாவுக்குன்னு—"

"இல்லப்பா. மெட்ஸ் ஆஸ்பத்திரியில இருக்கற இத்ரிஸுக்கு." விரிப்புக்குள்ளிருந்து அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, தெளிவாகக் கேட்டது. "மேஜைக்கடியிலேர்ந்து வந்த பேரை ராஜாவாலும் மாத்த முடியாது. சுவத்துல தொங்குது, பாருங்க."

சுவரைப் பார்க்க எத்தனை தலைகள் திரும்பின என்று ஒதீலுக்குத் தெரியாது. ஷூக்கள் மட்டும் திரும்பின. ஒவ்வொன்றாக, உணவறைச் சுவரின் பக்கம்.

"துண்டை எனக்குக் குடு மிரேய்" என்றார் கோந்த்ரான். சிரிப்பு போயிருந்தது.

பீங்கான் தட்டு ஒன்று மேஜையில் வைக்கப்படும் சத்தம். அது அப்பாவின் முன்னால் வைக்கப்படவில்லை. மறுகோடியில், யாரும் உட்காராத இடத்தில் வைக்கப்பட்டது. பிறகு காகிதம் சரசரத்தது. கிரீடத்தை விரித்தால் வரும் சத்தம்.

"அம்மாடி" என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். "கிரீடத்தைத் தட்டு மேல வெச்சுட்டாங்களே."

புகைப்படக் கருவி ஒரு தடவை கிளிக் என்றது. "அதை அழிங்க" என்றார் லவாசர். "அழிங்க சார், உங்களைத்தான்." நாற்காலிகள் இழுபட்டன. யாரோ கோட்டைத் தேடினார்கள்.

அந்தச் சந்தடியில் கறுப்பு ஷூக்கள் இரண்டும் மெதுவாக மடங்கின. ஒரு முழங்கால் தரையைத் தொட்டது, பிறகு இன்னொன்று. விரிப்பு உயர்ந்தது. கோந்த்ரான் மார்விலின் முகம் உள்ளே வந்தது, இரத்தம் ஏறிச் சிவந்து, நரைமுடி நெற்றியில் விழுந்து. இந்த மேஜைக்கடியில் அவரை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நாளைக்கு என்ன சொல்லப் போறே?" கிசுகிசுத்தார்.

"உண்மையைத்தான். அந்த வரி என்னோடது. அதை ஃபோன்ல வாசிச்சப்ப நீங்க என்ன சொன்னீங்கங்கறதும்."

அவர் உதடு அசைந்தது. 'உதைக்கறதைவிட' என்ற சொல் அவருக்கும் நினைவிருந்தது என்பது கண்ணில் தெரிந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அழுவாரோ என்று கூட ஒரு கணம் பயந்தாள்.

அவர் இரண்டும் செய்யவில்லை. இத்தனை வருஷம் தன் சொற்களை அவள் கையில் கொடுத்துப் பழகிய மனிதர், தரையில் கையூன்றிக்கொண்டு, முதல் முறையாக அவளிடம் பயந்து கேட்டார்:

"எந்த வார்த்தையில சொல்லுவே?"

மறுகோடியில், தட்டு வைத்த இடத்தில், ஆளில்லாத நாற்காலியை யாரோ இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. அங்கே பழுப்பு ஷூக்கள் இரண்டு தெரிந்தன.